எந்த ஏரி மீன்?

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவன் மீன் பிடித்துக்கொண்டு போனால், எதிரே வருகிறவர்கள் கேட்பது, ‘‘என்ன மீனுடா?’’ ஆம்பூரில் அப்படியில்லை. ‘‘எந்த ஏரி?’’ என்பார்கள். இந்தக் கேள்விக்கு அர்த்தம் புரிய எனக்கு ஒரு கிலோ ஜிலேபி மீன் செலவாயிற்று!

நான் திருவையாற்றுக்காரன். நடக்கத் தெரிந்த கையோடு தூண்டில் போடத் தெரிந்தவன். வேலை கிடைத்ததோ ஆம்பூரில், ஒரு ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் பில் போடுவது. மாடி போர்ஷன், பேச்சலர் சமையல். ஞாயிற்றுக்கிழமை ஊரே பிரியாணி வாசனையில் மிதக்க, நான் மட்டும் மண்புழு டப்பாவும் தூண்டிலுமாகக் கிளம்பினேன்.

முதலில் பாலாறு. பாலம் இருந்தது, ஆற்றைத்தான் காணோம்! நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலம் தாண்டி, 348 கிலோமீட்டர் நடந்து கடலுக்குப் போகிற ஆறு, வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். 2021 நவம்பர் மாதிரி எப்போதாவது கரை கொள்ளாமல் வரும். அப்போது தூண்டில் போட முடியாது, ஓடத்தான் முடியும். இடையில் தேங்குவது மணல் அள்ளிய பள்ளங்களில். மேலே பார்த்தால் முழங்கால் ஆழம். காலை வைத்தால் ஆள் மட்டம். நீச்சல் தெரிந்தவனும் அங்கே இறங்கக்கூடாது.

அடுத்த ஞாயிறு, ஊருக்கு வெளியே ஓர் ஏரி. உட்கார்ந்த அரை மணியில் ஜிலேபி கடிக்க ஆரம்பித்தது. ஒரு கிலோ தேறும். விசில் அடித்துக்கொண்டு படியேறினேன். கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் பாயின் அம்மா, நாங்களெல்லாம் ‘தாதிமா’ என்போம், வாசலிலேயே மறித்தார்.

‘‘எந்த ஏரி, பேட்டா?’’

சொன்னேன்.

‘‘கொட்டிடு.’’

‘‘தாதிமா, உயிரோட துள்ளுது பாருங்க!’’

‘‘அது துள்ளும். நீ துள்ளணுமே!’’

அவர் கணவர் அந்தக் காலத்தில் தோல் மண்டியில் வேலை பார்த்தவராம். அப்போது ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவார்கள். கழிவுத் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் ஓடும். எழுபதுகளுக்குப் பிறகு குரோமியம் உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது, வெளிநாட்டு ஆர்டர் குவிந்தது. தோல் அழுகாமலிருக்கப் போடுகிற சாதா உப்பு வேறு, ஊற வைக்கும்போது மூட்டை மூட்டையாகக் கரைந்து நிலத்தில் இறங்கியது.

விஷயம் டெல்லி வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு, சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். ஒரு கிலோ தோல் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர். தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்று அதில் இருக்கிறது. கெடுத்தவன்தான் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லி, தொழிற்சாலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டார்கள். பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, நிறைய மாறியது. ஆனாலும் 2025 ஜனவரியில் அதே கோர்ட் இதே வேலூர் விவகாரத்தில் மறுபடி தீர்ப்புச் சொல்லி, கண்காணிக்கக் கமிட்டி போடச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய அழுக்கு அவ்வளவு லேசில் போகாது. சேற்றில் படிந்து உட்கார்ந்துவிடும். சேற்றைக் கிளறித் தின்கிற கெளுத்திக்கு அதுதான் சாப்பாடு.

‘ஜிலேபி உயிரோடுதானே இருந்தது’ என்று நானும் வாதாடிப் பார்த்தேன். அங்கேதான் ஏமாறுகிறோம். உப்புத் தண்ணி, சாக்கடை, காற்றில்லாத குட்டை எதையும் தாங்குகிற ஜாதி அது. மீன் பிழைத்திருப்பது மீனின் சாமர்த்தியம். தண்ணீருக்கு அது சர்ட்டிபிகேட் அல்ல.

குப்பைத்தொட்டியில் மீனைக் கொட்டும்போது யாரையாவது திட்டத் தோன்றியது. ஆனால் தூண்டில் வாங்கின காசே தோலில் வந்த சம்பளம். திங்கட்கிழமை வழக்கம்போல் பில் போட்டேன். அன்று ஒவ்வொரு பில்லிலும் எனக்கு அந்த ஒரு கிலோ ஜிலேபி தெரிந்தது.

அப்புறம் ஏரிக்கரையில் ஒரு பெரியவர் வழி சொன்னார். ‘‘துன்றதுக்கா, பொழுதுபோக்குக்கா? துன்றதுக்குன்னா தண்ணி நிக்கிற எடத்தப் பாக்காத சார். அது எங்கேர்ந்து வருதுன்னு பாரு.’’

அவர் கணக்கில் ஜில்லாவைப் பார்த்தால் படம் தெளிவாகிவிடுகிறது. காவேரிப்பாக்கம் ஏரி, கண்ணுக்கு எட்டாத கடல். ஆனால் அதற்குக் கால்வாய் வருவது வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் தாண்டி வருகிற பாலாற்றிலிருந்து. அமிர்திப் பக்கம் மலைத் தண்ணீர். ஆனால் காட்டுக்குள் வனத்துறை விடாது. வேலூர்க் கோட்டை அகழியில் ஒரு காலத்தில் முதலை வளர்த்தார்களாம். இப்போது தொல்லியல் துறை இடம். தூண்டில் போட்டால் மாட்டப்போவது நீங்கள்தான்!

மிச்சம், குடியாத்தம் தாண்டி மோர்தானா. ஆந்திரக் காட்டிலிருந்து வருகிற கவுண்டன்யா ஆற்றின் அணை. மேலே யானை உண்டு! அணை நிரம்பி வழிகிற மாதங்களில் கீழே ஆறு ஓடும். ஆனால் வழிகிற இடத்தில் நிற்காதீர்கள், பாசி வழுக்கும். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். எந்த நீர்நிலை ஆனாலும் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்காமல் போட்டால் அது திருட்டு.

போன மழைக்காலத்தில் போனேன். கேட்டுக்கொண்டு, அணைக்கு ரொம்பத் தள்ளி, கரையோரமாகவே உட்கார்ந்தேன். ஐந்து மணி நேரம். கிடைத்தது இரண்டே கெண்டை. அதுவும் விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட.

தாதிமா வாசலில் இருந்தார்.

‘‘எந்த ஏரி?’’

‘‘ஏரி இல்ல தாதிமா, மோர்தானா தண்ணி.’’

பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். எதுவும் பேசாமல் உள்ளே திரும்பி, மருமகளிடம் புளி ஊறப்போடச் சொன்னார். இரண்டு மீனில் ஐந்து பேர் சாப்பிட்டோம். எனக்கு வால்தான் வந்தது.

கை கழுவும்போது தாதிமா கேட்டார்:

‘‘அடுத்த ஞாயிறு எந்த ஏரி, பேட்டா?’’