குள்ளமானவருக்கு ஒரு சாய்வு சைக்கிள்



பொங்கலன்று என் தங்கை மகள் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை போன்! "டீச்சர், ஈசி சேருக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கே, அது என்ன வண்டி?" என்று ஒருவர். "பெரியம்மா, எங்கே வாங்கினீங்க?" என்று இன்னொருவர். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இருப்பது பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி இல்லை. பெரியபாளையத்துக்கும் புதுவாயலுக்கும் நடுவே, ஆற்றங்கரையில் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி.

என் உயரம் 4 அடி 10 அங்குலம். ஸ்டூல் போட்டு ஏறித்தான் போர்டின் மேல் வரியை எழுதுவேன். அந்த ஸ்டூலைத் தூக்கி வந்தவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். பணியில் இருந்தவரை சைக்கிளில்தான் பள்ளிக்குப் போனேன். சீட்டை முழுக்க இறக்கினாலும் நிறுத்தும்போது நுனிக்கால்தான் தரையில் படும். அது பழகிப்போன விஷயம்.

ஓய்வுக்குப் பிறகு கழுத்து எலும்புத் தேய்மானம் வந்தது. ஹேண்டில்பாரில் குனிந்தால் இரண்டு கையும் மரத்துப்போகும். முழங்காலும் சேர்ந்துகொண்டது. டாக்டர் சொன்னது இதுதான்: "பெடல் மிதிப்பது முழங்காலுக்கு நல்லது. ஆனால் குனியக்கூடாது, முட்டி ரொம்ப மடங்கக்கூடாது." சைக்கிளை விட்டேன். ஸ்கூட்டி எனக்கு உயரம், கனம். புதுவாயலில் இருக்கும் தங்கையைப் பார்க்கவும் வெள்ளிக்கிழமை பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போகவும் ஒருவர் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. தனியாக வாழ்பவளுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று தனியாக வாழ்பவர்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் இந்தச் சாய்வு சைக்கிளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கும், கால் முன்பக்கம் நீண்டு மிதிக்கும், கையில் பாரமே விழாது. இது இன்றைய கண்டுபிடிப்பு இல்லை. பிரான்சில் சார்ல் மொஷே என்பவர் செய்த இப்படிப்பட்ட சைக்கிளில், 1933 ஜூலை 7 அன்று பிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். அதற்கு முன் 1914இல் ஆஸ்கார் எக் வைத்த சாதனை 44.247 கிலோமீட்டர். சாய்ந்து உட்காரும்போது காற்றின் எதிர்ப்பு குறைகிறது, அவ்வளவுதான் ரகசியம். ஆனால் 1934இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் போட்டிகளில் இந்த அமைப்பை விலக்கிவிட்டது. போட்டியில் இல்லாத வண்டியைப் பெரிய கம்பெனிகள் செய்யவில்லை. இன்றும் இது அபூர்வப் பொருளாகவே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை லட்சத்தைத் தாண்டும்.

விலையைவிடப் பெரிய சிக்கல் உயரம். நான் பார்த்த பல அட்டவணைகளில் குறைந்தபட்ச உயரம் 5 அடி, 5 அடி 2 அங்குலம் என்று இருந்தது. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரமே சுமார் 152 சென்டிமீட்டர், அதாவது 5 அடிதான்! அப்படியானால் நம்மில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த அட்டவணைக்கு வெளியே.

இரண்டு வண்டிகளில் உட்கார்ந்து பார்த்தேன். முதலாவது பெங்களூரில் ஓர் இளைஞர் வைத்திருந்த இரண்டு சக்கரச் சாய்வு சைக்கிள். சீட் 60 சென்டிமீட்டர் உயரம். சாதாரண சைக்கிளில் சீட் உயரமாக இருந்தாலும் கீழே குதித்து இறங்கிவிடலாம். இதில் முடியாது. சாய்ந்திருப்பதால் கால் முன்னால் போகிறதே தவிர கீழே போவதில்லை. சீட்டின் முன்விளிம்பு தொடையை அழுத்தியது. பெடலை என் காலுக்கு எட்டும்படி உள்ளே இழுத்ததும், திரும்பும்போது குதிகால் முன்சக்கரத்தில் இடித்தது.

இரண்டாவது சென்னையில் ஒருவரிடம் இருந்த மூன்று சக்கர வண்டி. நம் மீன்பாடி வண்டி போல முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நிறுத்தும்போது கால் ஊன்றவே வேண்டாம், ஆகவே குள்ளம் ஒரு குறையே இல்லை. பெடல் தாங்கும் முன்குழாயை உள்ளே தள்ளி, அதற்கேற்பச் சங்கிலியைக் குறைத்ததும் அழகாகப் பொருந்தியது. ஆனால் சீட் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். உட்கார்ந்துவிட்டேன், எழ முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். முழங்கால் வலிக்காரிக்கு அது தினமும் ஆகாது.

வீட்டுக்கு வந்து அளவு நாடாவை எடுத்தேன். இதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். சாய்வு சைக்கிளுக்கு மொத்த உயரம் முக்கியமில்லை. முதல் அளவு: சுவரோடு முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, சுவரிலிருந்து உள்ளங்கால்வரை. எனக்கு 90 சென்டிமீட்டர். பெடல் எங்கே இருக்க வேண்டும் என்பதை இது சொல்லும். இரண்டாவது: நாற்காலியில் உட்கார்ந்து பாதம் தரையில் படிய, தரையிலிருந்து முட்டியின் பின்மடிப்புவரை. எனக்கு 37. சீட்டின் உயரம் இதை ஒட்டி இருந்தால் நாற்காலியிலிருந்து எழுவது போல எழலாம். மூன்றாவது, பெடலைத் தாங்கும் கிராங்க். பெரியவர் சைக்கிளில் அது சுமார் 170 மில்லிமீட்டர். குட்டைக் காலுக்கு அது நீளம், ஒவ்வொரு சுற்றிலும் முட்டி கூடுதலாக மடங்கும். 150 போதும்.

மூன்று அளவையும் ஒரு தாளில் எழுதியபோது விடை தெரிந்துவிட்டது. எனக்குத் தேவை சைக்கிள் ரிக்‌ஷா போல முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு சக்கரம். நாற்காலி உயரத்தில் சீட். அந்த அளவில் கடையில் கிடைக்கவில்லை. ஆனால் எனக்குக் கும்மிடிப்பூண்டி இருக்கிறதே!

சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டராக இருக்கும் 2003 பேட்ச் பையனைக் கூப்பிட்டேன். தாளைப் பார்த்தான். "டீச்சர், நீங்க டிராயிங் கொடுத்துட்டீங்க, நான் செய்யறேன்" என்றான். கவரைப்பேட்டையில் நண்பனின் பட்டறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை. ஒரு சதுரக் குழாய்க்குள் இன்னொன்று நகரும், இரண்டு போல்ட்டில் இறுக்கினால் பெடலின் தூரம் நிற்கும். கிராங்க் சிறுபிள்ளைகள் சைக்கிளிலிருந்து வந்தது. பெடல் முன்னாலும் உந்தும் சக்கரம் பின்னாலும் இருப்பதால் மூன்று சங்கிலிகளைச் சேர்த்து ஒன்றாக்கினான். சீட் நம் பிளாஸ்டிக் வயர் நாற்காலிப் பின்னல், பின்னியது அவன் அம்மா.

"ரெண்டு பின்சக்கரத்தையும் சேர்த்து ஓட்டலாமா டீச்சர்?" என்று கேட்டான். "வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போகணுமேப்பா, ஒரே இருசில் இறுக்கினால் ரெண்டும் ஒரே வேகத்தில்தானே சுற்றும்?" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்து, "அப்போ ஒண்ணை மட்டும் உந்தவிட்டு, இன்னொண்ணைச் சும்மா சுழலவிட்டுடலாம்" என்றான். அவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் நான் போட்ட மதிப்பெண் போதாது.

செலவு 23 ஆயிரம். கூலி வாங்க மறுத்தான். அவன் மகள் பேரில் அஞ்சலகத்தில் போட்டுவிட்டேன்.

குறையும் சொல்லவேண்டும். வண்டி இரும்பு, கனம் அதிகம். மேடு வந்தால் மெதுவாகத்தான் ஏறும். சீட் சற்று உயரமாக இருப்பதால் ஈர்ப்பு மையமும் உயரம். வேகமாகத் திருப்பினால் உள்சக்கரம் தூக்கும். லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஓர் ஆள் உயரக் கம்பில் ஆரஞ்சுக் கொடி கட்டியிருக்கிறேன். நெடுஞ்சாலைக்குப் போவதில்லை. விடியற்காலையில், உள்சாலையில் மட்டும். "மாற்றுத்திறனாளி வண்டியா அம்மா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். "எனக்கு அளவெடுத்துச் செய்த வண்டிப்பா" என்றேன்.

இதை எழுதக் காரணம் என் வண்டி மட்டும் இல்லை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். குறுக்குக் கம்பி இடைஞ்சல் என்று நிற்கவில்லை, அதில் குழந்தையை உட்காரவைத்து ஓட்டினார்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு என்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு எல்லோருக்கும் விரிந்தது. எங்கள் பள்ளியில் அந்தச் சைக்கிள்கள் வந்து இறங்கிய நாளெல்லாம் திருநாள். ஆனால் வரிசையில் முதலில் நிற்கும் குட்டைப் பிள்ளைக்கும் கடைசியில் நிற்கும் நெட்டைப் பிள்ளைக்கும் ஒரே அளவு. குட்டைப் பிள்ளைகள் சீட்டை இறக்கி, நுனிக்காலில் நின்று, எப்படியோ ஓட்டிப் பழகிக்கொண்டார்கள்.

கிடைத்ததற்கு ஏற்ப உடம்பைப் பழக்கிக்கொள்வதில் நம் பெண்கள் கெட்டிக்காரர்கள். இளமையில் அது நடக்கும். அறுபதைத் தாண்டினால் உடம்பு கேட்காது. ஆகவே உங்கள் மகளுக்கோ அம்மாவுக்கோ எந்தச் சைக்கிள் வாங்கினாலும், கடைக்குப் போகும் முன் வீட்டில் நாடாவை எடுங்கள். "குள்ளம், இவளுக்குச் சரிப்படாது" என்று கடைக்காரர் சொன்னால், எத்தனை சென்டிமீட்டர் சரிப்படவில்லை என்று கேளுங்கள். எண்ணாகச் சொல்லிவிட்டால், அதைச் சரிசெய்ய ஒரு பட்டறை எங்காவது இருக்கும்.

என் அளவுத் தாளின் படத்தை முதல் கமெண்ட்டில் போடுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மூன்று அளவையும் எடுத்து எழுதுங்கள். தை முடிவதற்குள் இன்னொரு வண்டி செய்ய நம் வெல்டர் தயார், போன வாரமே கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்