பேன் சுமந்த பழி

லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் சிலர் ஜன்னலைத் திறப்பார்கள், சிலர் டிவி ரிமோட்டைத் தேடுவார்கள். நான் பெட்டியைக் குளியலறைத் தரையில் நிறுத்திவிட்டு வந்து மெத்தையின் மூலையைத் தூக்குவேன். "நீ படுக்க வந்தியா, கட்டிலை விலைக்கு வாங்க வந்தியா?" என்பார்கள் கூட வந்த நண்பர்கள். மூட்டைப்பூச்சியிடம் ஓர் இரவு கடிபட்டால் மறுநாள் சொறிந்துகொண்டு போய்விடலாம். அது வீட்டுக்கு வந்து குடியேறிவிட்டால் மாதக்கணக்கில் தூக்கம் போகும். அதனால் வெளியூரில் என் கவலையெல்லாம் பெட்டியைப் பற்றித்தான்.

பகலில் பூச்சி கண்ணில் படாது, தடயம்தான் படும். மெத்தை ஓரத்துத் தையல் பட்டியை விரலால் விலக்கினால் பேனா முனை பட்டதுபோலக் கரும்புள்ளிகள் தெரியும். ஈரத்துணியால் தேய்த்தால் பழுப்பாக இழுபடும். அது செரித்த ரத்தம். பக்கத்திலேயே உரித்துப்போட்ட தோல்கள் கிடக்கும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்துத்தான் பெரிதாகிறது, ஒவ்வொரு முறையும் அதற்கு ஒருவேளை ரத்தம் வேண்டும். முழுதாக வளர்ந்தாலும் ஐந்து மில்லிமீட்டர்தான், அதிலும் தட்டை. ஏடிஎம் கார்டு நுழைகிற இடுக்கு அதற்குத் தாராளம். எனவே தலைமாட்டுப் பலகையின் பின்புறம், பிளைவுட் மூட்டு, சுவிட்ச் பெட்டியின் ஓரம் என்று செல்போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பேன். ரயிலில் என்றால் பெர்த்தின் ரெக்ஸின் தையல்.

அதற்குப் பறக்கத் தெரியாது, குதிக்கவும் தெரியாது. நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் அறிந்து நடந்து வந்து, ஐந்து பத்து நிமிடம் குடித்துவிட்டு இடுக்குக்கே திரும்பிவிடும். ஊர் விட்டு ஊர் போவது துணியிலும் பையிலும்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், துவைத்த துணியிருந்த பையைவிட உடுத்திக் கழற்றிய துணியிருந்த பையில் இரண்டு மடங்கு பூச்சிகள் போய் அடைந்தன. கழற்றிய சட்டையைக் கட்டில்மேல் எறியும் பழக்கத்தை நான் அடியோடு விட்டது அதைப் படித்த பிறகுதான். இப்போது பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுகிறேன்.

கும்பகோணத்தில் ஒரு லாட்ஜ். மெத்தையைத் தூக்கியதும் புள்ளிகள் வரிசையாக நின்றன. கீழே போய்ச் சொன்னேன். மேனேஜர் ரிஜிஸ்டரிலிருந்து தலை நிமிராமல், "போன பார்ட்டி கொண்டாந்தது சார். பக்கத்து ரூம் தர்றேன்" என்றார். ஒயர் போகிற குழாய் வழியாகப் பக்கத்து அறைக்கும் போயிருக்கும், வேறு மாடியில் கொடுங்கள் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "சார் ஹெல்த் டிபார்ட்மென்ட்டா?"

போன பார்ட்டியைக் கேட்டிருந்தால் லாட்ஜைக் கை காட்டியிருப்பார்கள். பஞ்சதந்திரத்தில் ஒரு கதை உண்டு. ராஜாவின் படுக்கையில் வெகுநாளாக ஒரு பேன் குடியிருக்கிறது. விருந்தாளியாக வந்த மூட்டைப்பூச்சி, ராஜா கண்ணயரும் முன்பே அவசரப்பட்டுக் கடித்துவிட்டு இடுக்கில் ஒளிந்துகொள்கிறது. ஆட்கள் தேடும்போது அகப்பட்டு நசுங்குவது பேன். இன்றைக்கும் நடப்பது அதுவேதான். கடித்த தடிப்பு சிலருக்கு மறுநாளே தெரியும், சிலருக்குப் பல நாள் கழித்துத் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. நாம் கடைசியாகத் தங்கிய இடத்தைத் திட்டுவோம். பூச்சி அதற்கு முந்தின பஸ்ஸிலேயே பையில் ஏறியிருக்கும். வீட்டில் என்றால் முதல் சந்தேகம் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் மேல். ஒலிம்பிக்ஸுக்கு முந்தைய வருடமான 2023-ல் பாரிஸே மூட்டைப்பூச்சிப் பீதியில் கிடந்தபோது, தொலைக்காட்சி விவாதத்தில் அகதிகளையும் குடியேறிகளையும் இழுத்தவர்கள் உண்டு. 2017-க்கும் 2022-க்கும் இடையில் பத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் பூச்சி இருந்ததாக பிரான்ஸ் அரசின் சுகாதார அமைப்பு அதற்குச் சில மாதம் முன்புதான் சொல்லியிருந்தது. அத்தனை வீடுகளிலும் புகுந்த பூச்சிக்கு அகதி என்ன கணக்கு?

அதற்கு வேண்டியது ரத்தம். அழுக்கு வேண்டியதில்லை. நட்சத்திர ஹோட்டல் மெத்தையும் அதற்கு ஒன்றுதான். மனிதருக்கு அது நோய் பரப்புவதாக நிரூபணமும் இல்லை. பூச்சி இருந்தால் வீடு அழுக்கு என்ற எண்ணம்தான் ஆளை வாயடைக்க வைக்கிறது.

ஊர் திரும்பினால் பெட்டி வாசலிலேயே நிற்கும், துணி நேராகக் கொதிக்கிற தண்ணீருக்குப் போகும். ஐம்பது டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் பூச்சியும் தப்பாது, முட்டையும் தப்பாது. கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டுக் கொதிநீர் ஊற்றிய நம் பாட்டிகளுக்கு இது தெரிந்திருந்தது. கடையில் விற்கும் ஸ்ப்ரே பலவற்றுக்குப் பூச்சி பழகிவிட்டது. அடித்தால் சாகாமல் பக்கத்து அறைக்கு ஓடிவிடுவதும் உண்டு.

அந்தக் கும்பகோணப் பயணத்தில் அத்தை வீட்டுக்கும் போக வேண்டியிருந்தது. "லாட்ஜ்ல மூட்டைப்பூச்சி இருந்துச்சு அத்தை, பையை வெளியிலயே வெச்சுடறேன்" என்றேன். அத்தை பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "மெதுவா பேசுடா. போன கோடைல நம்ம வீட்டுலயும் இருந்துச்சு. யாருக்கும் சொல்லல. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடப் போகுது!"

அது முதலில் கேட்க வேண்டியதே பக்கத்து வீட்டுக்குத்தான். இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்று.