வார்ந்த ஓலைக்கும் கூலி

வரணிக்கு வெயில் ஏறமுன்னம் போய்விட வேண்டும். சோளகம் அடிக்கிற மாதங்களில் காலை கழிந்தால் ஓலை காய்ந்து முறியத் தொடங்கும். அதனால் பன்ன வேலை செய்கிற பெண்கள் விடியலிலேயே பாயில் இருந்துவிடுகிறார்கள். கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் போய், அவர்கள் கூடி இழைக்கும் கொட்டகையை அடைந்தபோது நீற்றுப்பெட்டிகளும் மூடல் பெட்டிகளும் பாதி உருவாகியிருந்தன. முன்பு தவணை தவறிக்கொண்டிருந்த இந்தக் குழு இப்போது சொன்ன நாளுக்குப் பொருள் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். இயந்திரம் ஏதும் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். அங்கே இருந்தது, சவர அலகுகளைச் சம இடைவெளியில் பதித்த ஒரு பலகைத் துண்டு.

ஈர்க்கு நீக்கிய குருத்தோலையை அதன்மேல் வைத்து இழுத்தால் எல்லா வாரும் ஒரே அகலத்தில் பிரிகின்றன. இதன் அருமையைக் குழுவின் மூத்த அக்கா விளக்கினார்: "முந்தி அவரவர் ஓலையை அவரவர்தான் வாருறது, தம்பி. ஒராள் வார்ந்தது அகலம், மற்றாள் வார்ந்தது ஒடுக்கம். கடைக்குக் கொண்டுபோனால் ஒரு பெட்டியின்ர மூடி மற்றதுக்குச் சேராது. திருப்பி அனுப்பிப்போடுவினம்."

திரும்பி வந்த பெட்டியைப் பிரித்து மறுபடி இழைக்க முடியாது. அதில் போன ஓலையும் போனதுதான். பனை மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலைதான் விடும். குருத்தை அளவுக்கு மிஞ்சி வெட்டினால் மரமே நலிந்துபோகும். போர்க்காலத்தில் காவலரண்களுக்காக எத்தனையோ பனைகளைத் தறிக்கக் கொடுத்த மண் இது. இங்கே பிழையாக வார்ந்த ஓலையை வெறும் கழிவு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

பலகையோடு வேறு சில மாற்றங்களும் வந்திருக்கின்றன. ஓலை வந்த அன்றே நீளமும் நிறமும் பார்த்துத் தனித்தனியாகக் கட்டி வைக்கிறார்கள். சாயம் காய்ச்சுவதற்குக் கிழமையில் ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாதிரி சுவரில் தொங்குகிறது, பக்கத்திலேயே அளவுகோல். கடகம் பொத்துகிற நாரை முதல்நாள் பின்னேரமே தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்று சொன்னவர் குழுவில் ஆக இளையவர். காலையில் நார் பதமாகும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்த நேரம் அதோடு நின்றது. ஆக இளையவர் சொன்னதை மூத்தவர்கள் கேட்டார்கள் என்பது சின்ன விசயம் இல்லை.

நம் அலுவலகச் சுவர்களில் 'ஐந்து எஸ்' அட்டைகளைப் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வளர்ந்த அந்த முறையைக் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டில் கையிலெடுத்தது. பிறகு ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகள் அங்கே வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். வகைப்படுத்தல், ஒழுங்குபடுத்தல் என்று அட்டையில் எழுதியிருப்பதெல்லாம் வரணிக் கொட்டகையிலும் நடக்கிறது. ஆனால் இந்தப் பெண்கள் வேலையை மாற்றுவதற்கு முன்பு கூலியை மாற்றினார்கள். அதை நான் எந்த அட்டையிலும் வாசித்ததில்லை.

முன்பு முடிந்த பெட்டிக்கு மட்டுமே காசு. ஓலை வார்வது, ஈர்க்கு எடுப்பது, சாயம் காய்ச்சுவது எல்லாம் கணக்கில் வராத வேலை. ஆகவே அவற்றை எல்லோரும் அவசரமாக முடித்தார்கள். பிழை அங்கேதான் தொடங்கியது. இப்போது வாருகிறவருக்கும் சாயம் போடுகிறவருக்கும் நாட்கூலி உண்டு. கை திருத்தமான ஒருவர் வாருகிறார், மற்றவர்கள் இழைக்கிறார்கள். பிழைத்த பெட்டியை முன்பு நல்ல பெட்டிகளுக்கு அடியில் ஒளித்து வைப்பார்களாம். இப்போது பிழையைக் கண்டவுடன் சொன்னால் கூலி வெட்டப்படாது. சொல்லாமல் விட்டால் அடுத்த பத்துப் பெட்டியும் அதே பிழையோடுதான் வரும் என்பது எல்லோருக்கும் விளங்கியிருக்கிறது. அந்தப் பெட்டியை நடுவில் வைத்து, எந்த இடத்தில் வார் தளர்ந்தது என்று கூடிப் பார்க்கிறார்கள். ஏச்சுப் பேச்சு இல்லை.

கூலியைத் தொடாமல் ஒழுங்கை மட்டும் கேட்டால், உற்பத்தித்திறன் என்பது அதே காசுக்குக் கூட வேலை வாங்குவதாகத்தான் முடியும் என்பது என் எண்ணம். ஏற்கெனவே வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் சுமந்துகொண்டு வருகிற பெண்களிடம் அப்படிக் கேட்பது அநியாயம்.

பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உற்பத்தித்திறன் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இவர்கள் பயிற்சி வகுப்பு வைக்கிறபோது சாயக் கலவையோடு கூலிக் கணக்கையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓலைப் பொருள் வாங்கி விற்கிற கடைக்காரருக்கும், வெளிநாட்டிலிருந்து மொத்தமாகக் கேட்கிற நம் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: விலை பேசும்போது ஓலை வார்ந்த நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள், மாரி தொடங்கி ஓலையில் பூஞ்சணம் பிடிக்கமுன்னம் முற்பணத்தையும் கொடுத்துவிடுங்கள்.