இழுத்துக் கட்டினால் விலை ஏறுமா?



பலாப்பழம் தின்ன மலைக்கு வந்துபோன பழைய மாணவர்களில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், இருக்கிற வீட்டோட ரெண்டு ரூம் இழுத்துக் கட்டினா, நாளைக்கு விக்கும்போது போட்ட காசு வந்துருங்களா?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

கணக்கு வாத்தியார் அல்லவா, விடையை முதலில் சொல்லிவிட்டு வழிமுறையைப் பிறகு எழுதுகிறேன். வீடு வளர்ந்தால் மட்டும் விலை வளராது. வீட்டோடு சேர்ந்து காகிதமும் வளர வேண்டும்.

நம் கொல்லிமலையில் கட்டுவதற்கு ஆகும் செலவு உங்களுக்கே தெரியும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் சிமென்ட் மூட்டையும் கம்பியும் செம்மேட்டுக்கு வரவேண்டும். அங்கிருந்து வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று உள்ளே போனால் வாடகை இன்னும் கூடும். கீழே சேந்தமங்கலத்தில் கட்டுகிற அதே அறைக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கிறோம். ஆனால் வாங்க வருகிறவர் லாரி வாடகைக்கு விலை கொடுக்க மாட்டார். இடம் எப்படி, வண்டி வாசல்வரை வருமா, கோடையில் தண்ணீர் உண்டா, பட்டா யார் பெயரில் என்றுதான் கேட்பார்.

இன்னொன்று. பத்திரம் பதியும்போது நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு, கட்டடத்துக்குத் தனி மதிப்பு. கட்டடத்துக்கு வயதைப் பார்த்துத் தேய்மானம் கழிப்பார்கள். நிலம் பெரும்பாலும் ஏறும், கட்டடம் தேயும். நாம் இழுத்துக் கட்டுவது தேய்கிற பக்கத்தில் போடுகிற பணம்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் கற்பனைதான், முறையை மட்டும் பாருங்கள். இடமும் பழைய வீடும் சேர்த்து 20 லட்சம். 8 லட்சத்துக்கு மாடி கட்டுகிறீர்கள். 28 லட்சம் கேட்கிறீர்கள். வாங்குபவர் வங்கிக் கடனில் வாங்குகிறார், வங்கி மதிப்பில் 80 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாடிக்கு அனுமதி வரைபடம் இருந்தால் 22.4 லட்சம் கடன் கிடைக்கும், அவர் கையிலிருந்து 5.6 லட்சம். வரைபடம் இல்லையென்றால் மதிப்பீட்டாளர் மாடியைக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடும். அப்போது மதிப்பு 20, கடன் 16. மீதி 12 லட்சத்தை அவர் ரொக்கமாகப் புரட்ட வேண்டும். அதோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் வேறு. அவர் என்ன செய்வார்? விலையைக் குறைத்துக் கேட்பார், இல்லாவிட்டால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போவார்.

2024 டிசம்பரில் மீரட் கட்டட வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கட்டடத்தின் மேல் கடன் தரவேண்டும் என்று சொல்லிவிட்டது. எனவே இனி வங்கிகளின் பிடி இறுகுமே தவிரத் தளராது.

மலைக்கு விதிகளும் வேறு. தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் கட்டடங்களைக் கண்காணிக்க 1990 முதல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. 2024 ஜூலையில் சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி வந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உங்கள் சர்வே எண்ணுக்குப் பொருந்துமா என்று ஊராட்சி அலுவலகத்திலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் கேட்ட பிறகு கடைக்கால் தோண்டுங்கள்.

அதற்கும் முன்னால் பட்டாவை எடுத்துப் படியுங்கள். அரசு ஒப்படை செய்த நிலமாக இருந்தால் நிபந்தனை இருக்கும். இத்தனை வருடம் விற்கக் கூடாது, பழங்குடியினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்பதுபோல. அது நம் மக்கள் நிலம் கைமாறிப் போகாமல் காக்கிற வேலி. அந்த வேலி நல்லது. ஆனால் வாங்கக்கூடியவர்கள் நான்கு பேர்தான் என்கிற இடத்தில் வெளியூர்க்காரர் ரசனைக்கு மாளிகை கட்டினால் அந்த விலையை யாரும் தரப்போவதில்லை.

கூட்டுப் பட்டா இன்னும் சிக்கல். என்னிடம் படித்த அண்ணன் தம்பி இருவர். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் அப்பா வீட்டோடு இரண்டு அறையும் குளியலறையும் கட்டினார்கள். இடம் இருவர் பெயரிலும். தம்பி மகளுக்கு நர்சிங் படிப்புக்குப் பணம் கட்டவேண்டி வந்தது, விற்கலாம் என்றார்கள். அண்ணன், "நான் போட்டதை முதல்ல எடுத்து வைங்க" என்றான். தம்பி, "நெலம் பாதி என்னுது" என்றான். வாங்க வந்தவரோ பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் விரிசலைப் பார்த்துவிட்டு, அறைகளுக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்க்க மாட்டேன் என்றார். இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

இருவரையும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, நிலத்துக்குத் தனியாக, கட்டடத்துக்குத் தனியாக விலை எழுதச் சொன்னேன். எழுதிப் பார்த்ததும், விற்றால் இருவருக்குமே நட்டம் என்று தெரிந்தது. அண்ணனே தம்பி பங்குக்கு விலை கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டான். அந்தப் பணத்தில் பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். கட்டுவதற்கு முன்பே பாகம் பிரித்திருந்தால் அந்த இரண்டு மாதம் மிச்சம்.

எதைக் கட்டலாம் என்று கேட்பீர்கள். கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சரிவில் மண் சரியாமல் தடுப்புச் சுவர், மழைநீர் வெளியேற வடிகால். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஒழுகாத வீட்டுக்குத்தான் மலையில் மதிப்பு. பழைய கடைக்காலும் புதுக் கடைக்காலும் ஒரே அளவில் இறங்காது, ஆகவே சேருமிடத்தில் இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லி விவரமான கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ கேளுங்கள். அறைக்காகக் காய்க்கிற பலாவையோ மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக்கையோ வெட்டாதீர்கள். வாங்குபவர் மரத்தையும் எண்ணித்தான் விலை பேசுவார்.

செலவு ரசீதுகளைப் பத்திரத்தோடு வையுங்கள். விற்ற லாபத்துக்கு வருமான வரி வந்தால், விரிவாக்கச் செலவைக் கழித்துக் காட்ட அவைதான் சாட்சி. வீட்டு வரி ரசீதிலும் புது அளவு ஏறியிருக்கட்டும்.

அம்மா அப்பா வழுக்காமல் குளிக்க ஓர் அறை, பேரப்பிள்ளை படிக்க ஓர் அறை என்றால் தாராளமாகக் கட்டுங்கள். அதன் பலன் நீங்கள் குடியிருக்கும்போதே கிடைத்துவிடும். விற்பதற்காகவே கட்டுவதென்றால், அந்தப் பணத்தில் முதலில் அளந்து, உட்பிரிவு செய்து, பட்டாவைச் சரிசெய்யுங்கள்.

வருவாய்த் துறையிலும் வங்கியிலும் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் இதைப் படித்தால், விட்டுப்போனதைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்