வரவறிந்து ஒரு விழா

வரவு செலவுத் திட்டம், பாதீடு, பட்ஜெட் என்று எப்படிச் சொன்னாலும் கேட்பவர் முகம் சற்று வாடிப்போகும். பட்ஜெட் என்ற சொல், சிறிய தோற்பையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்ததாம். பையில் இருப்பதைத்தான் எடுக்க முடியும். உயர்தர வர்த்தகப் பிரிவில் படிக்கும் எனக்கு அது கணக்கீட்டுப் பாடத்தில் ஓர் அலகாக மட்டுமே இருந்தது. தரம் 13 தாத்தாமாரின் பிரியாவிடை வைபவத்துக்கு என்னைப் பொருளாளராகத் தெரிவு செய்த பிறகுதான், அந்தப் பைக்குள் காசு மட்டுமல்ல, மனிதரின் மானமும் இருக்கிறது என்று அறிந்துகொண்டேன்.

விழாவை நடத்த வேண்டியவர்கள் தரம் 12 மாணவிகளான நாங்கள் 40 பேர். தாத்தாமார் 38 பேர், ஆசிரியர்கள் 12 பேர். ஆக 90 பேருக்குச் சாப்பாடு. முதற் கூட்டத்தில் ஆளுக்கொரு ஆசையைச் சொல்ல, செயலாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிரியாணிப் பார்சல் ஒன்று 850 ரூபா வீதம் 76,500. கூடாரமும் கதிரைகளும் 15,000. மேடை அலங்காரம் 12,000. ஒலிபெருக்கி 10,000. கேக் 9,000. தாத்தாமாருக்குப் பெயர் பொறித்த பட்டி தலா 500 வீதம் 19,000. கூட்டிப் பார்த்தால் 1,41,500 ரூபா. 40 பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு 3,500 ரூபாவுக்கும் மேல்!

வகுப்பு அமைதியானது. பிறகு யாரோ, "ஒரு நாளைக்குத்தானே, கொடுப்பம்" என்றார். தலைகள் ஆடின. ஆடாத தலைகளும் இருந்தன.

பத்து நாளாகியும் பணம் தராதவர்கள் பதினொரு பேர். பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டினால் தந்துவிடுவார்கள் என்று ஒரு கருத்து வந்தது. அன்று மாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் தோழி ஒருத்தி, "எனக்கு அன்டைக்கு வர ஏலாது, உம்மாக்குச் சுகமில்ல" என்றாள். விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு உம்மாவுக்குச் சுகமில்லாமல் போகும் என்று யாருக்குத் தெரியும்? அவள் வாப்பா தென்கரையில் தொழில் செய்பவர். சோளகக் காற்று எழுந்துவிட்டால் அந்தப் பக்கக் கடல் கொந்தளிக்கும். பல நாட்கள் படகு இறங்காது. எங்கள் விழாவோ ஜூலை மாதத்தில். சோளகம் வீசும் மாதத்தில் கடற்தொழிலாளியின் மகளிடம் 3,500 ரூபா கேட்கிறோம் என்பது எங்கள் பாதீட்டின் எந்த வரியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பட்டியலை ஒட்ட மாட்டேன் என்று மறுநாள் சொன்னேன். "அப்ப கொடுக்காதவங்களும் வந்து சாப்பிடுறதா? கொடுத்தவங்களுக்கு அது நியாயமா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பதில் எங்கள் வீட்டில் கிடைத்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போனவர்களில் என் உம்மும்மாவும் ஒருவர். தாராபுரத்து வீட்டையும் கிணற்றடியையும் விட்டுப்போய், ஓலைக்குடிசையில் இருந்துகொண்டே தன் மூத்த மகளுக்குக் கலியாணம் முடித்துவைத்தவர். "எப்படி உம்மும்மா செலவுக்குச் சமாளிச்சீங்க?" என்று கேட்டேன். "பிடியரிசிதான் மகள். ஒவ்வொரு குடிசையிலயும் ஒரு பிடி. போடுறப்போ யாரும் யாருட கையையும் பாக்கிறல்ல. சேந்த அரிசிக்கு ஏத்த மாதிரித்தான் ஆளுக்குச் சொன்னோம்" என்றார்.

இரண்டு பாடங்கள் அதில் இருந்தன. முதலில் வரவு, பிறகுதான் செலவு. அடுத்தது, கொடுக்கிற கையைப் பார்க்கக் கூடாது.

பொறுப்பாசிரியையிடம் சொன்னேன். டீச்சர் 40 கடித உறைகள் வாங்கித் தந்தார். ஒரே நிறம், ஒரே அளவு, பெயர் எழுத இடமில்லை. முன்பு பணம் தந்த 29 பேருக்கும் அதைத் திருப்பிக் கொடுத்தோம். 40 பேரும் உறையை ஒட்டி ஒரே பெட்டியில் போட வேண்டும். முடிந்ததை வைக்கலாம் என்று அறிவித்தோம். 40 உறைகளும் வந்தன. ஒன்றில் ஐயாயிரம் ரூபாத் தாள் இருந்தது. இன்னொன்றில் நான்காக மடித்த நூறு ரூபாத் தாள். மொத்தம் 71,400. ஆசிரியர்கள் சேர்ந்து 12,000 தந்தார்கள். ஆக எங்கள் பை 83,400 ரூபா.

முதல் வேலையாக 8,000 ரூபாவை எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்கி, அதைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். மீதி 75,400க்குள் விழாவை மீண்டும் எழுதினோம். பார்சலுக்குப் பதிலாகச் சஹன். ஒரு சஹனில் ஆறு பேர், 90 பேருக்கு 15 சஹன். ஊரில் கலியாணங்களுக்குச் சமைப்பவர் ஒரு சஹனை 3,300 ரூபா வீதம் 49,500க்குச் செய்து தந்தார். விழாவை மண்டபத்துக்குள் வைத்ததால் கூடாரச் செலவு இல்லை. காற்றின் வேகத்தை நம்பி 2020 டிசெம்பரில் 'தம்பபவனி' என்று 30 காற்றாலைகளைத் திறந்துவைத்த தீவு இது. இங்கே ஜூலையில் வெளியே கூடாரம் அடிக்க நினைத்ததே வீண். ஒலிபெருக்கி கல்லூரியுடையது. பனையோலை அலங்காரம் 4,500. கேக் 5,500. பட்டிக்குப் பதிலாகப் பேனாவும் நாங்களே எழுதிய வாழ்த்து மடலும், தலா 250 வீதம் 9,500. தண்ணீர், போக்குவரத்து 4,000. மொத்தம் 73,000.

பட்டி இல்லையென்று சிலருக்குக் கோபம். ஒருத்தி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பொருளியலில் 'அமையச் செலவு' என்று படிக்கிறோம். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடுகின்ற அடுத்த சிறந்த தெரிவுதான் அது. பட்டியைக் கைவிட்டோம். மற்றைய வழியில் போயிருந்தால் பதினொரு தோழிகளைக் கைவிட்டிருப்போம்.

பெரியவர்களின் பெரிய விழாக்களும் இந்தக் கணக்குக்குத் தப்புவதில்லை. 1976இல் ஒலிம்பிக் போட்டியை நடத்திய கனடாவின் மொன்றியல் நகரம், அந்தக் கடனை அடைத்து முடித்தது 2006இல்தான். நம் நாட்டில் நடக்கவிருந்த 2022 ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி, பொருளாதார நெருக்கடியால் ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு மாற்றப்பட்டது. கிண்ணத்தை வென்றது இலங்கைதான். ஆனால் சொந்த மண்ணில் அதைப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பாதீட்டில் 1,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டிருந்தும், பணம் விடுவிக்கப்படாததால் தேர்தல் நடக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6ஆம் திகதி. தாளில் எழுதிய ஒதுக்கீடு வேறு, கைக்கு வந்த காசு வேறு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

விழாவன்று காலையில் மின்சாரம் போனது. ஒதுக்கிய 8,000இல் 5,000 கொடுத்து ஜெனரேற்றர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் மறுபடியும் யாரிடமோ கைநீட்டியிருப்போம். என் தோழி வந்திருந்தாள். ஆறு பேர் சஹனைச் சுற்றி உட்கார்ந்தபோது, எந்த உறை யாருடையது என்று எவருக்கும் தெரியாது. எனக்கும் இன்றுவரை தெரியாது.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது தெரியுமா தோழியரே? சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் அது கற்றுத்தருகிறது. ஆகவே நாங்களும் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் காசேட்டில் ஒட்டி, இரண்டு மாணவிகளும் பொறுப்பாசிரியையும் ஒப்பமிட்ட கணக்கை வகுப்பில் வாசித்தோம். கொடுத்தவர் பெயரை மறைத்தோம்; செலவில் ஒரு சதத்தையும் மறைக்கவில்லை. "நியாயமா?" என்று கேட்டவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடிய பதில் அதுதான்.

மிஞ்சியது 5,400 ரூபா. அதைப் பங்கு போடாமல், அடுத்த தரம் 12இன் காசேட்டில் முதல் வரியில் ஆரம்ப மீதியாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். பயன்படுத்தாத கடித உறைகள் சிலவும் அதே ஏட்டுக்குள் இருக்கின்றன. அடுத்த பொருளாளர் ஆசைப் பட்டியலை எழுதுவதற்கு முன்பு அவற்றை எடுத்துப் பார்க்கட்டும்.