மருதத்தில் பிறந்தவன்

பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் குறிஞ்சித் திணையைக் கற்பித்து வருகின்றேன். ஆயினும் குறிஞ்சிப் பூவைக் கண்ணால் கண்டதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தபோது நான் ஆய்வியல் நிறைஞர் பட்ட மாணவன், கையில் பொருளில்லை.

மீண்டும் 2018-இல் பூத்தது. ஆகஸ்டு இறுதியில் குடும்பத்தோடு கோடைக்கானல் செல்வதென முடிவு செய்தோம். திண்டுக்கல் வரை இரயில்; பின்னர் வத்தலக்குண்டு வழியாகப் பேருந்து. அத்தாவுக்குக் கம்பளிச் சட்டையும் வாங்கினேன்.

ஜூன் 12-இல் திறக்கப்படாத மேட்டூர் அணை, அவ்வாண்டு ஜூலை 19-இல் திறந்தது. குறுவையை இழந்த வயலில் சம்பாவுக்கு நாற்றங்கால் தயாராயிற்று. "தண்ணீர் வந்திருக்கும்போது மலைக்குப் போவதா? பூ மறுபடியும் பூக்கும், தம்பி" என்றார் அத்தா. பயணம் நின்றது.

மருதத்திற்கு ஆறு பருவங்களும் பெரும்பொழுது எனப் பொருளிலக்கணம் கூறும். அன்றுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று: உழவனுக்கு ஓய்வுக்காலம் என ஒன்றில்லை.

2021-இல் அத்தா மறைந்தார். உடுத்தாத அச்சட்டை பெட்டியில் மடித்தபடியே உள்ளது.

இறைவன் நாடினால், 2030-இல் குறிஞ்சி மீண்டும் பூக்கும். கோடைக்கானல் செல்வோருக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்துள்ளதையும் குறித்து வைத்துள்ளேன். திட்டத்தை அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் வினவியது ஒன்றே:

"அந்த வருஷம் மேட்டூர் எப்போது திறப்பார்களாம்?"