செஷயர் லாயத்தில் ஒரு கிழக் குதிரை

மான்செஸ்டர் நகரிலிருந்து தெற்கே போகும் சின்ன ரயிலில் ஏறி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால், செங்கல் கட்டடங்கள் மெல்ல மெல்லக் குறைந்து, இரண்டு பக்கமும் பச்சைப் புல்வெளி விரிகிறது. அதுதான் செஷயர் மாவட்டம். பெரும்பாலும் சமவெளி. கறவை மாட்டுக்கும் பாலாடைக் கட்டிக்கும் பூமிக்கடியில் வெட்டி எடுக்கும் உப்புக்கும் பேர்போன சீமை. கம்பி வேலியை விட முட்செடி வேலிதான் அதிகம். ரப்பரும் செம்பனையும் வரிசை பிடித்து நிற்பதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மரமே இல்லாமல் வெறும் புல்லை இத்தனை அக்கறையாக வளர்க்கிறார்களே என்று தோன்றும். அங்கே புல்தான் சொத்து. அந்தப் புல்லை வைத்துத்தான் நான் சொல்லப்போகும் வழக்கும் வந்தது.

என் தங்கை மகள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். பேராக்கில் தோட்டத்துப் பள்ளியில் படித்து வளர்ந்த பெண். ஆறு வருஷம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அந்தக் கிழவிக்குப் பிள்ளை குட்டி கிடையாது, ஒரு குதிரை மட்டும் உண்டு. 2021ல் கிழவி இறப்பதற்கு முன், "என் குதிரையை நீ பார்த்துக்கொள்" என்று இவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டார். இவளும் சரி என்று சொல்லிவிட்டாள். குதிரை மேல் ஒருநாளும் ஏறாதவள் குதிரைக்குச் சொந்தக்காரியான கதை இதுதான்.

வேல்ஸ் நாட்டுக் கட்டைக் குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. 2023 நவம்பரில் நான் போய்ப் பார்த்தபோது அதற்கு வயது 27. மனுஷக் கணக்கில் எண்பதைத் தொட்டுவிட்ட வயது. இவள் அதைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவாள்.

வீட்டில் இடமில்லாதவர்கள் குதிரையை வைத்துக்கொள்ள ஊருக்கு ஊர் லாயம் இருக்கிறது. லிவரி யார்டு என்பார்கள். நாம் குடியிருந்த லயத்துக்கும் குதிரை நிற்கும் லாயத்துக்கும் எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம். பார்வைக்கும் அப்படித்தான்: நீளமாக ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், நடுவில் முற்றம், ஒரு தண்ணீர்க் குழாய். இடத்துக்கு மட்டும் வாடகை கொடுத்து, தினமும் இரண்டு வேளை வந்து தீனி போட்டு, சாணி அள்ளி எல்லாவற்றையும் நாமே செய்வது ஒரு வகை. லாயத்துக்காரரே எல்லாம் பார்ப்பது ஒரு வகை. பாதிக்குப் பாதி இன்னொரு வகை. இரவு வேலையும் பகல் வேலையும் மாறி மாறி வரும் தாதிக்கு முதல் வகை சரிப்படாது. சம்பளத்தில் பெரும் துண்டை வெட்டிக் கொடுத்து முழுப் பராமரிப்பில் விட்டிருந்தாள்.

லாயத்து மேனேஜர் ஓர் அம்மாள். அறுபது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், காற்றில் சிவந்த முகம், நாற்பது வருஷ அனுபவம். பதினான்கு குதிரைக்கு அவரும் இரண்டு ஆட்களும். நான் மனசுக்குள் அவருக்குத் துரைசானி என்று பெயர் வைத்துவிட்டேன். இவள் கேட்டுச் சிரித்தாள். "மாமா, இங்க எல்லாரும் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க" என்றாள். ஆனால் பேச வாயெடுக்கும்போது அவள் குரலிலும் அந்தத் தோட்டத்துப் பயம் கொஞ்சம் இருந்தது. எனக்குத் தெரியாதா!

தகராறு உலர்ந்த புல்லில் ஆரம்பித்தது. அரை டன் எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்துக் கிலோ வரை உலர்தீனி தின்ன வேண்டும். குதிரையின் பல் வருஷத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஈறிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும், மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே இருக்கும். கிழ வயதில் மேலே வருவதற்கு மிச்சம் இருக்காது. அப்போது புல்லை வாயில் போட்டுக் குதப்பி, உருண்டையாக வெளியே துப்பிவிடும். தாத்தாவின் கொட்டடியில் கதவோரம் அந்த உருண்டைகள் கிடந்தன, வெற்றிலைப் பாக்கைக் குதப்பித் துப்பியது போல. பார்க்கிறவருக்கு, குதிரைக்கு முன்னால் புல் இருக்கிறது, அது மென்றுகொண்டிருக்கிறது. வயிற்றுக்குப் போவது கொஞ்சம்தான். இவள் மார்பைச் சுற்றி நாடா வைத்து எடையைக் கணக்கிட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஆகஸ்டில் 448 கிலோ, நவம்பரில் 415.

"எல்லாக் குதிரைக்கும் போடுகிற அதே நல்ல புல்தான். வயசானால் இளைக்கத்தான் செய்யும்" என்றார் துரைசானி.

இவள் கேட்டது பெரிய காரியம் அல்ல. புல்லை அரைத்து அழுத்திய கட்டிகளும், சீனி எடுத்தபின் மிஞ்சும் பீட் கிழங்குச் சக்கையும் கடையில் கிடைக்கின்றன. தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சி போல் கொடுத்தால் பல்லில்லாத குதிரையும் தின்னும். நம் ஊரில் கொள்ளு வேகவைத்துப் போட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாளுக்கு நாலு வேளை ஊறவைக்க வேண்டும். பனிக்காலத்தில் வாளித் தண்ணீர் உறைந்துவிடும். பதினான்கு குதிரைக்கு மூன்று பேர் இருக்கிற இடத்தில் ஒரு குதிரைக்கு மட்டும் தனிச் சமையல் யார் செய்வது?

அடுத்தது மருந்து. வயதான குதிரைகளுக்கு மூளையடியில் உள்ள ஒரு சுரப்பி கெட்டு வரும் நோய் ஒன்று உண்டு. குஷிங் நோய் என்பது வழக்கமான பெயர். பதினைந்து வயதைத் தாண்டிய குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இது இருக்கும் என்கிறார்கள். கோடையிலும் உதிராமல் முடி சுருண்டு நீளமாக வளரும், தசை கரையும், குளம்புக்குள் வீக்கம் வரும். பெர்கோலைடு என்ற மாத்திரையைத் தினமும் ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். இங்கே மாத்திரையைத் தீனியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் மூன்று மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. தாத்தா தவிட்டைத் தின்று மாத்திரையை ஒதுக்கியிருக்கிறது. பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்த தாய்மாருக்கு இது புதிதல்ல. ஆப்பிள் துண்டுக்குள் செருகிக் கையால் ஊட்டினால் போகும். நான் அங்கிருந்த ஆறு வாரமும் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். சூடான மூச்சு, மீசை குத்தும் உதடு. காலை எட்டு மணிக்கும் விடிந்து விடியாத இருட்டில் அது ஒரு சுகமான உத்தியோகம்.

மூன்றாவதுதான் பெரிய சண்டை. நவம்பர் வந்ததும் லாயத்து மேய்ச்சல் வெளிகளையெல்லாம் துரைசானி பூட்டிவிட்டார். மார்ச் வரை திறக்கமாட்டார். அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த மண் களிமண். 2022 அக்டோபரிலிருந்து 2024 மார்ச் வரை இங்கிலாந்தில் பெய்த மழை, பதினெட்டு மாதக் கணக்கில் 1836க்குப் பிறகு பதிவான எல்லாவற்றையும் விட அதிகம். அந்தச் சேற்றில் பதினான்கு குதிரையை விட்டால் வசந்தத்தில் புல்லே முளைக்காது. புல் போனால் லாயம் போயிற்று. ஆனால் மூட்டுவாதம் உள்ள கிழக் குதிரையை இருபத்துமூன்று மணி நேரம் நாலு சுவருக்குள் நிறுத்தினால் கால் கட்டையாகிவிடும். காலையில் தாத்தா கொட்டடியை விட்டு வெளியே வருவதைப் பார்க்கச் சகிக்காது. முதல் பத்து அடி மரக்கால் வைத்ததுபோல் நடக்கும்.

தோட்டத்தில் மாடு வைத்திருந்த குடும்பத்தாருக்கு இந்த வழக்கு விளங்கும். மேய்ச்சலுக்கு எந்தப் பக்கம் ஓட்டலாம், எந்தப் பக்கம் கூடாது என்று நிர்வாகத்தோடு நடந்த மல்லுக்கட்டை மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு வித்தியாசம், இங்கே பணம் கொடுப்பவள் இவள். பணம் கொடுத்தாலும் பூட்டின் சாவி கொடுப்பவரிடம் இருப்பதில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் முற்றத்தில் நின்றுகொண்டே துரைசானி சொல்லிவிட்டார்: "உனக்கு நான் வேண்டியவள் என்பதால் சொல்கிறேன். குளிர் முற்றுவதற்குள் ஊசி போட்டுவிடு. அதுதான் அதற்கு நீ செய்யும் தயவு."

இவள் பதில் பேசவில்லை. காருக்குள் வந்து உட்கார்ந்து அழுதாள். "செத்துப்போன பாட்டிக்கு நான் என்ன மாமா சொல்றது?" என்றாள். அன்று சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. வீடு வரை இருவரும் பேசவில்லை.

அந்த வட்டாரத்தில் கிழக் குதிரை என்றால் எல்லாரும் சொல்லும் ஒரு பெயர் உண்டு. 'ஓல்டு பில்லி'. 1760ல் வாரிங்டனுக்குப் பக்கத்து வூல்ஸ்டன் கிராமத்தில் பிறந்து, மெர்சி, இர்வெல் ஆறுகளில் படகுக் கம்பெனிக்குப் படகு இழுத்து, 1822 நவம்பரில் 62வது வயதில் செத்த குதிரை. அதைவிட அதிக வயது வாழ்ந்த குதிரை பதிவில் இல்லை. அதன் மண்டையோடு மான்செஸ்டர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1819 வரை அதற்கு வேலையாம், ஐம்பத்தொன்பது வயது வரை! ஓய்வு என்று கிடைத்தது மூன்று வருஷம். தாத்தாவுக்கு 27 ஒரு வயதா என்று இவள் இந்தக் கதையைச் சொல்லித்தான் துரைசானியிடம் வாதாடினாள். "பில்லி ஒன்றுதான் பிறந்தது" என்று அவர் முடித்துவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 2006ஆம் வருஷத்து மிருக நலச் சட்டப்படி, ஒரு பிராணியைத் தற்காலிகமாகப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் அதன் நலனில் கடமை உண்டு. ஆனால் சொந்தக்காரருக்கு எப்போதும் பொறுப்பு உண்டு, பணம் கட்டிவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. சவாரிப் பள்ளி நடத்த உரிமம் வேண்டும். குதிரையை வைத்துப் பார்க்கும் லாயங்களை 2018ல் வந்த உரிம விதிகள் தொடவில்லை. ஆகவே இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு எழுதும் தாள்தான் கையில் இருக்கும் ஆயுதம். இவளிடம் இருந்த தாளில் வாடகைத் தொகையும், விலக ஒரு மாத முன்னறிவிப்பு என்பதும் மட்டும்தான் இருந்தன. என்ன தீனி, எத்தனை நேரம் வெளியே, மருந்து யார் கையால் என்று ஒரு வரி இல்லை.

நான் சொன்னேன்: "நீயும் அந்தம்மாவும் பேசினது போதும். ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு டாக்டர் பேசட்டும்."

மிருக வைத்தியர் வந்தார். வாயைத் திறந்து கை விட்டுப் பார்த்தார். கடைவாயில் நாலு பல் இல்லை, இரண்டு ஆடியது. "இந்த வாய் புல்லை அரைக்காது" என்றார். துரைசானி எதிர்த்துப் பேசவில்லை. பிறகு அவரே முன்னால் வந்து, தாத்தாவின் முன்கால் இரண்டையும் காட்டினார். குளம்புக்கு மேல் மூட்டின் முன்புறத்தில் தோல் உரிந்து காய்ந்திருந்தது. "இதைப் பாருங்கள். இரவில் இது படுப்பதில்லை" என்றார்.

இதை இவள் கவனிக்கவேயில்லை. குதிரை நின்றபடி தூங்கும் என்று நாம் சொல்வது பாதிதான் சரி. கண்ணயர்வது நின்றபடி. ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். மூட்டு வலியில், படுத்தால் எழ முடியாதோ என்று பயந்த குதிரை படுக்காமலே நாட்களைக் கடத்தும். தூக்கம் மிஞ்சி நின்றபடியே முன்கால் மடங்கிச் சரிந்து, தரையில் இடித்துத் திடுக்கிட்டு எழும். அந்தக் காயம்தான் அது. அதிகாலை ஐந்து மணிக்கு வேலைக்கு வருகிற துரைசானி அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். ஊசி போடச் சொன்னது அதனால்தான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்! அந்த நாட்டில் முடிவைச் சொல்வார்கள், காரணத்தை மென்று விழுங்குவார்கள்.

வைத்தியர் வலி மருந்து எழுதிக் கொடுத்தார். தூள்மரப் படுக்கையை இரு மடங்கு தடிப்பாகப் போடச் சொன்னார். தினமும் இரண்டு தடவை கெட்டியான பாதையில் இருபது நிமிஷம் கையில் பிடித்து நடத்தச் சொன்னார். ஊசியைப் பற்றி இவள் கேட்டபோது, ஆறு வாரம் பார்க்கலாம் என்றார். தின்கிறதா, படுத்து எழுகிறதா, மற்றக் குதிரைகள் பக்கம் போகிறதா என்று தினமும் குறித்து வையுங்கள், நல்ல நாளை விடக் கெட்ட நாள் அதிகமானால் என்னைக் கூப்பிடுங்கள் என்றார்.

கொட்டடிக் கதவில் ஒரு பலகை தொங்கியது. ஊறவைத்த தீனிக்கும் நடத்துவதற்கும் கூடுதல் பணம் என்று துரைசானி கேட்டார், இவள் கொடுத்தாள். பத்தாம் நாள் காலை தாத்தாவின் முதுகில் மரத்தூள் ஒட்டியிருந்தது. படுத்திருக்கிறது! ஜனவரிக் கடைசியில் எடை 431. அப்போது நான் ஈப்போ திரும்பிவிட்டேன், போனில்தான் கேட்டேன்.

மேய்ச்சல் வெளி மட்டும் திறக்கவில்லை. அதில் அந்த அம்மாள் ஓர் அங்குலமும் இறங்கவில்லை. மார்ச்சில் இவள் முறைப்படி ஒரு மாத அறிவிப்பு கொடுத்து, மேட்டு நிலத்தில் மணல் கலந்த மண் உள்ள ஒரு பண்ணைக்குத் தாத்தாவை மாற்றினாள். சண்டை போட்டுக்கொண்டா போனாய் என்று கேட்டேன். "இல்ல மாமா, அவங்கதான் வண்டியில ஏத்திக்கிட்டு வந்து விட்டாங்க" என்றாள். குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு அந்த ஊரில், குதிரை போகும் இடமெல்லாம் அதுவும் போக வேண்டும். அதைக் கையில் கொடுக்கும்போது, தீனி ஊறவைக்கும் நேரங்களை எழுதிய தாளையும் துரைசானி உள்ளே மடித்து வைத்திருந்தாராம்.

புதுப் பண்ணையில் ஒரு கிழப் பெட்டைக் குதிரையோடு தாத்தா ஒரு கோடை முழுக்க வெளியில் நின்றது. இனிப்பேறிய வசந்தப் புல் குளம்பைக் கெடுக்கும் என்று, வாயில் வலைமூடி போட்டுத்தான் விட்டார்கள்.

2025 ஜனவரியில் உறைபனி பெய்த ஓர் இரவில் படுத்த தாத்தா காலையில் எழவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். வைத்தியருக்குப் போன் செய்துவிட்டு இவள் அடுத்துக் கூப்பிட்டது துரைசானியைத்தான். அந்த அம்மாள் இருபது நிமிஷத்தில் வந்து, சேற்றில் மண்டியிட்டுத் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். ஊசி போட்டது ஒன்பது மணிக்கு.

குதிரை இறந்து 30 நாளுக்குள் பாஸ்போர்ட்டை வழங்கிய அலுவலகத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. இவள் அனுப்பிவிட்டாள். ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தரும்படி ஒரு கடிதமும் வைத்திருக்கிறாள்.